கோடி ரூபாய்க் கேள்வி

இரவு 9 மணி. சாப்பாடு முடிந்தது. வீட்டில் டி.வி. ஓடுகிறது. பக்கத்து வீட்டுக்காரர்களும் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

டி.வி.யில் ஒரு கேள்வி வருகிறது.

“ஒரு குவிண்டால் என்பது எத்தனை கிலோ?”

கீழே நான்கு விடைகள். 10, 50, 100, 1000.

டி.வி.யில் இருப்பவர் யோசிக்கிறார். நெற்றியைத் துடைக்கிறார். அதற்குள் மூலையில் இருந்து ஒரு குரல் வருகிறது.

“நூறு கிலோ.”

சொன்னது பாட்டி. நாற்று நட்டவர். களை எடுத்தவர். மூட்டை மூட்டையாக நெல் எடை போட்டுப் பார்த்தவர். பள்ளிக்கூடம் போகாதவர்.

விடை சரி. எல்லோரும் கை தட்டுகிறார்கள்.

“பாட்டி, நீ அங்கே போயிருந்தா நீதான் ஜெயிச்சிருப்பே” என்கிறான் பேரன்.

பாட்டி சிரிக்கிறார். “அங்கெல்லாம் நம்மள மாதிரி ஆளுங்க போக முடியுமாடா?” என்று கேட்கிறார்.

போக முடியுமா? அங்கே என்ன நடக்கிறது? பணம் உண்மையிலேயே கிடைக்கிறதா? வாருங்கள், பார்ப்போம்.

வினாடி வினா வந்த கதை

கேள்வி கேட்டு விடை சொல்லும் போட்டிக்கு வினாடி வினா என்று பெயர். நம் நாட்டில் இது முதலில் வானொலியில் புகழ் பெற்றது. 1972-ல் போர்ன்விட்டா வினாடி வினா தொடங்கியது. பள்ளிப் பிள்ளைகள் அதில் கலந்துகொண்டார்கள். 1985-ல் தூர்தர்ஷனில் குவிஸ் டைம் வந்தது. சித்தார்த்த பாசு அதை நடத்தினார். கல்லூரி மாணவர்கள் போட்டியிட்டார்கள். கேள்வி ஆங்கிலத்தில். பதில் ஆங்கிலத்தில். நம் வீட்டுப் பாட்டிக்கு அதில் இடம் இல்லை.

2000-ம் ஆண்டு ஜூலை 3-ம் நாள் ஒரு மாற்றம் வந்தது. அன்றுதான் ‘கௌன் பனேகா குரோர்பதி’ என்ற இந்தி நிகழ்ச்சி தொடங்கியது. ‘கோடீஸ்வரர் ஆகப்போவது யார்?’ என்பது அதன் பொருள். நடத்தியவர் நடிகர் அமிதாப் பச்சன். இடையில் 2007-ல் மட்டும் ஷாருக் கான் நடத்தினார். இது இங்கிலாந்தில் 1998-ல் தொடங்கிய ஒரு நிகழ்ச்சியின் இந்திய வடிவம்.

இதில் கல்லூரி மாணவர்தான் வரவேண்டும் என்று இல்லை. விவசாயி வரலாம். கடைக்காரர் வரலாம். வீட்டு வேலை பார்ப்பவர் வரலாம். பேச ஆங்கிலம் தேவை இல்லை. அதனால்தான் நாடே டி.வி. முன் உட்கார்ந்தது.

அந்த ஆண்டு அக்டோபரில் ஹர்ஷ்வர்தன் நவாதே என்ற இளைஞர் 1 கோடி ரூபாய் வென்றார். அவர்தான் இதில் முதல் கோடீஸ்வரர். அப்போது அவர் அரசுப் பணித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தார்.

தமிழிலும் இதே போன்ற நிகழ்ச்சிகள் வந்தன. 2012-ல் விஜய் டி.வி.யில் ‘நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி’ வந்தது. நடிகர் சூர்யா நடத்தினார். 2019 டிசம்பரில் கலர்ஸ் தமிழ் டி.வி.யில் ‘கோடீஸ்வரி’ தொடங்கியது. ராதிகா சரத்குமார் நடத்தினார். அது பெண்களுக்கு மட்டுமே ஆன போட்டி.

போட்டி எப்படி நடக்கிறது?

முதலில் பெயர் பதிய வேண்டும். டி.வி.யில் ஒரு கேள்வி கேட்பார்கள். குறுஞ்செய்தி மூலமோ, செல்போன் செயலி மூலமோ விடை அனுப்ப வேண்டும். லட்சக்கணக்கானவர்கள் அனுப்புவார்கள். சரியான விடை சொன்னவர்களில் சிலரைக் கணினி பொறுக்கி எடுக்கும். பிறகு பொது அறிவுத் தேர்வு நடக்கும். நேர்காணலும் நடக்கும். இதைத் தாண்டியவர்கள்தான் மும்பையில் உள்ள அரங்கத்துக்குப் போவார்கள்.

அங்கே 10 பேர் உட்கார்ந்திருப்பார்கள். எல்லோருக்கும் ஒரே கேள்வி. உதாரணம் பாருங்கள். “இந்த நால்வரையும் பிரதமர் ஆன வரிசையில் எழுதுக. இந்திரா காந்தி, நேரு, மொரார்ஜி தேசாய், லால் பகதூர் சாஸ்திரி.” நேரு, சாஸ்திரி, இந்திரா, மொரார்ஜி என்பது சரி. சரியாகச் சொன்னால் மட்டும் போதாது. எல்லோரையும் விட வேகமாகப் பொத்தானை அழுத்த வேண்டும். சில வினாடிகளில் முடிந்துவிடும். வென்றவர் நடுவில் உள்ள நாற்காலிக்குப் போவார். மற்றவர்கள் காத்திருப்பார்கள்.

நாற்காலியில் உட்கார்ந்தவருக்குக் கேள்விகள் ஒவ்வொன்றாக வரும். முதல் கேள்விகள் எளிதாக இருக்கும். போகப் போகக் கடினம். பரிசும் கூடிக்கொண்டே போகும். 2000-ம் ஆண்டில் இருந்த படிக்கட்டு இதுதான்.

1-வது கேள்வி – 1,000 ரூபாய்
2-வது – 2,000
3-வது – 3,000
4-வது – 5,000
5-வது – 10,000
6-வது – 20,000
7-வது – 40,000
8-வது – 80,000
9-வது – 1,60,000
10-வது – 3,20,000
11-வது – 6,40,000
12-வது – 12,50,000
13-வது – 25,00,000
14-வது – 50,00,000
15-வது – 1,00,00,000

பிந்திய ஆண்டுகளில் தொகையும் விதிகளும் மாறின. பெரிய பரிசு 5 கோடி ஆனது. பிறகு 7 கோடி ஆனது.

இந்தப் படிக்கட்டில் இரண்டு படிகள் முக்கியம். 5-வது படி. 10-வது படி. இவை பாதுகாப்பான படிகள். 5-வது கேள்வியைத் தாண்டிவிட்டால் 10,000 ரூபாய் உறுதி. 10-வது கேள்வியைத் தாண்டிவிட்டால் 3,20,000 ரூபாய் உறுதி. பிறகு தவறாகச் சொன்னாலும் அதற்குக் கீழே இறங்க மாட்டீர்கள்.

விடை தெரியாவிட்டால் உதவி கேட்கலாம். முதலில் மூன்று உதவிகள் இருந்தன.

ஒன்று: நான்கு விடைகளில் தவறான இரண்டை நீக்கச் சொல்லலாம்.
இரண்டு: அரங்கத்தில் இருக்கும் மக்களைக் கேட்கலாம்.
மூன்று: ஒரு நண்பருக்குப் போன் செய்யலாம். பேச 30 வினாடிதான்.

ஒவ்வொரு உதவியும் ஒரு முறைதான். எளிய கேள்விக்குச் செலவு செய்துவிட்டால் கடினமான கேள்விக்கு இருக்காது.

தொடர்வதா? நிறுத்துவதா?

இந்தப் போட்டியில் ஒரு நல்ல விதி உண்டு. கேள்வியைப் பார்த்த பிறகும் “போதும், நான் நிறுத்திக்கொள்கிறேன்” என்று சொல்லலாம். அதுவரை வென்ற பணம் உங்களுக்குத்தான்.

ஒரு கணக்குப் பார்ப்போம்.

நீங்கள் 12 கேள்விகளைத் தாண்டிவிட்டீர்கள். கையில் 12,50,000 ரூபாய் இருக்கிறது. 13-வது கேள்வி வருகிறது. விடை தெரியவில்லை. உதவிகளும் தீர்ந்துவிட்டன. கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைச் சொல்லலாமா?

சரியாக இருந்தால் 25 லட்சம். தவறாக இருந்தால் 3,20,000.

உங்களைப் போல நான்கு பேர் அதே இடத்தில் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். நான்கு பேரும் ஆளுக்கு ஒரு விடை சொல்கிறார்கள். ஒருவருக்குத்தான் சரியாக இருக்கும். அவருக்கு 25 லட்சம். மற்ற மூவருக்கும் 3,20,000 வீதம் 9,60,000. மொத்தம் 34,60,000. நான்கு பேரும் நிறுத்தியிருந்தால்? ஆளுக்கு 12,50,000 வீதம் மொத்தம் 50 லட்சம். ஆகவே குருட்டுத்தனமாகச் சொல்வது நட்டம்.

சரி, இரண்டு விடைகளை நீக்கியாகிவிட்டது. இரண்டுதான் மிச்சம். இப்போது சொல்லலாமா? இரண்டு பேர் சொன்னால் ஒருவருக்கு 25 லட்சம். மற்றவருக்கு 3,20,000. மொத்தம் 28,20,000. இருவரும் நிறுத்தினால் 25 லட்சம். கணக்குப்படி தொடர்வது கொஞ்சம் லாபம்.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. நாற்காலியில் இருப்பது இரண்டு பேர் இல்லை. நீங்கள் ஒருவர்தான். தோற்றால் 9,30,000 ரூபாய் போய்விடும். வசதி உள்ளவருக்கு அது ஒரு விளையாட்டு. கடன் உள்ளவருக்கு அது வீடு, மகளின் படிப்பு, அம்மாவின் மருத்துவச் செலவு. அதனால் ஒரே கேள்விக்கு ஒருவர் தொடர்வார், ஒருவர் நிறுத்துவார். இருவர் செய்ததும் சரியாக இருக்கலாம்.

தெரியாததைத் தெரியாது என்று சொல்ல ஒரு துணிவு வேண்டும். அந்த நாற்காலியில் அந்தத் துணிவுக்குப் பணமும் கிடைக்கிறது.

சத்துணவு சமைத்தவர்

மகாராஷ்டிராவில் அமராவதி மாவட்டம் இருக்கிறது. அங்கே ஒரு பள்ளியில் மதிய உணவு சமைத்தவர் பபிதா தாடே. மாதச் சம்பளம் 1,500 ரூபாய். 2019-ல் அவர் இந்தப் போட்டிக்குப் போனார்.

பணம் கிடைத்தால் என்ன வாங்குவீர்கள் என்று அவரிடம் கேட்டார்கள். ஒரு செல்போன் என்றார். வீட்டில் எல்லோருக்கும் சேர்த்து ஒரே போன்தான் இருந்தது.

கேள்வி மேல் கேள்வி வந்தது. அவர் நிதானமாக விடை சொன்னார். 1 கோடி ரூபாய்க் கேள்விக்கும் சரியாகச் சொன்னார். அடுத்தது 7 கோடி ரூபாய்க் கேள்வி. அங்கே அவர் நிறுத்திக்கொண்டார். தவறாகச் சொல்லியிருந்தால் 3,20,000 ரூபாய்க்கு இறங்கியிருப்பார். 1 கோடியோடு வீடு திரும்பினார்.

நம் மதுரைக்காரர் ஒருவரும் இருக்கிறார். அவர் கௌசல்யா கார்த்திகா. அவருக்குக் காது கேட்காது. வாய் பேச முடியாது. மதுரை நீதிமன்றத்தில் வேலை பார்த்தவர். 2020 ஜனவரியில் ‘கோடீஸ்வரி’ நிகழ்ச்சியில் எல்லாக் கேள்விகளுக்கும் விடை சொல்லி 1 கோடி வென்றார். பேச முடியாதவர் எப்படி விளையாடினார்? கேட்பவரின் உதட்டு அசைவைப் பார்த்தார். திரையில் கேள்வியைப் படித்தார். எழுத்து அவருக்குக் காதாகவும் வாயாகவும் இருந்தது.

எப்படித் தயார் ஆவது?

தடித்த புத்தகம் வாங்க வேண்டும் என்று நினைக்காதீர்கள். உங்கள் சுருக்குப்பையில் இருந்தே தொடங்கலாம்.

ஒரு 100 ரூபாய் நோட்டை எடுங்கள். பின்பக்கம் திருப்புங்கள். சிறு எழுத்தில் ஒரு பட்டியல் இருக்கிறது. எண்ணுங்கள். 15 மொழிகள். கீழிருந்து மூன்றாவதைப் படியுங்கள். ‘நூறு ரூபாய்’ என்று தமிழில் இருக்கும். இவை தவிர இந்தியும் ஆங்கிலமும் உண்டு. ஆக நோட்டில் 17 மொழிகள். இது போட்டிகளில் கேட்கத் தகுந்த கேள்விதான்.

புதிய நோட்டுகளின் பின்பக்கப் படங்களையும் பாருங்கள். 10 ரூபாயில் ஒடிசாவின் கொனார்க் சூரியக் கோயில். 20-ல் எல்லோரா. 50-ல் ஹம்பி கல் தேர். 100-ல் குஜராத்தின் ராணி கி வாவ் என்ற படிக்கிணறு. 200-ல் சாஞ்சி ஸ்தூபி. 500-ல் டெல்லி செங்கோட்டை. ஒரு பைக்குள் ஆறு கேள்விகள்!

பஞ்சாயத்து அலுவலகப் பலகையைப் படியுங்கள். பேருந்தின் ஊர்ப் பெயரைப் படியுங்கள். கடையில் மடித்துத் தரும் பழைய செய்தித்தாளைக் கூட விடாதீர்கள். சுவரில் ஓர் இந்திய வரைபடம் மாட்டுங்கள். செய்தியில் ஓர் ஊர் வந்தால் அது எங்கே என்று தேடுங்கள். ஒரு நோட்டில் நாளுக்கு ஒன்று எழுதுங்கள். ஓர் ஆண்டில் 365 செய்திகள் சேரும்.

பரிசும் வரியும்

டி.வி.யில் 1 கோடி என்கிறார்கள். கைக்கு அவ்வளவும் வருமா? வராது.

இப்படிப்பட்ட பரிசுக்கு 30 சதவீதம் வருமான வரி உண்டு. 10,000 ரூபாய்க்கு மேற்பட்ட பரிசு என்றால், கொடுப்பவரே வரியைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தர வேண்டும். ஏழைக்கும் பணக்காரருக்கும் இந்த 30 சதவீதம் ஒன்றுதான்.

3,20,000 ரூபாய் வென்றால் 96,000 ரூபாய் வரி. மிச்சம் 2,24,000. இதற்கு மேல் சிறிய தீர்வையும் உண்டு. 1 கோடி வென்றால் 30 லட்சம் வரி. மேல்வரி, தீர்வை எல்லாம் சேர்ந்தால் 34 லட்சத்தைத் தாண்டும். கைக்கு வருவது ஏறத்தாழ 65 லட்சம்.

பணம் வந்த பிறகு

பீகாரில் மோதிஹாரி என்ற ஊர். அங்கே சுஷில் குமார் என்ற இளைஞர் இருந்தார். நூறு நாள் வேலைத் திட்டத்தில் கணினி இயக்குபவர். மாதச் சம்பளம் சுமார் 6,000 ரூபாய். 2011-ல் அவர் 5 கோடி வென்றார். நாடே வியந்தது.

பிறகு நடந்ததை 2020-ல் அவரே எழுதினார். உதவி கேட்டுப் பலர் வந்தார்கள். அள்ளிக் கொடுத்தார். சிலர் ஏமாற்றினார்கள். தொழிலில் போட்ட பணம் போனது. குடும்பத்தில் சண்டை வந்தது. கெட்ட பழக்கங்களும் ஒட்டிக்கொண்டன. அந்தக் காலத்தைத் தன் வாழ்வின் மோசமான காலம் என்றார்.

ஆனால் அவர் மீண்டு வந்தார். பழக்கங்களை விட்டார். மரம் நடும் வேலையில் இறங்கினார். பிறகு ஆசிரியர் தேர்வு எழுதித் தேறினார். பணம் போனாலும் படிப்பு போகவில்லை. அவரைத் தூக்கி நிறுத்தியது அதுதான்.

ஏமாறாதீர்கள்

இப்போது மிக முக்கியமான செய்தி. இதை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள்.

இந்த நிகழ்ச்சியின் பெயரைச் சொல்லி ஒரு மோசடி நடக்கிறது. செல்போனுக்கு ஒரு செய்தி வரும். அமிதாப் பச்சன் படம் இருக்கும். “உங்கள் எண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் லாட்டரி விழுந்திருக்கிறது” என்று இருக்கும். போன் செய்தால் இனிக்க இனிக்கப் பேசுவார்கள். “வரி கட்ட வேண்டும். முதலில் 15,000 அனுப்புங்கள்” என்பார்கள். அனுப்பினால் இன்னும் கேட்பார்கள். நகையை அடகு வைத்துக் கட்டி ஏமாந்தவர்கள் இருக்கிறார்கள்.

இது பொய் என்று எப்படித் தெரிந்துகொள்வது? நாம் இதுவரை படித்ததே போதும்.

இது லாட்டரி இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து விடை சொல்லாதவருக்குப் பரிசு கிடையாது.

வரியைப் பரிசிலிருந்துதான் பிடிப்பார்கள். பரிசு தரும் முன் “வரிப் பணம் அனுப்பு” என்று கேட்கவே மாட்டார்கள்.

வங்கிக் கணக்கு எண், ரகசிய எண், போனுக்கு வரும் ஓ.டி.பி. எதையும் யாருக்கும் சொல்லாதீர்கள். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். இது அரசின் இணையக் குற்ற உதவி எண். சீக்கிரம் சொன்னால் பணத்தைத் தடுத்து நிறுத்த வழி உண்டு.

நம் ஊரிலும் நடத்தலாம்

மும்பைக்குப் போக எல்லோருக்கும் வாய்க்காது. ஆனால் உங்கள் வாசிப்பு மையத்திலேயே ஒரு வினாடி வினா நடத்தலாம். நான்கு நான்கு பேராகக் குழு பிரியுங்கள். ஒவ்வொரு குழுவும் பத்துக் கேள்வி எழுதி வரட்டும். விதைப்பு பற்றி இரண்டு. உடல்நலம் பற்றி இரண்டு. பஞ்சாயத்து பற்றி இரண்டு. ஊர் வரலாறு இரண்டு. கணக்கு இரண்டு. விடை சரிதானா என்று முன்கூட்டியே பார்த்துவையுங்கள். வென்ற குழுவுக்கு ஒரு நல்ல புத்தகம் பரிசு.

பாட்டியையும் கூப்பிடுங்கள். குவிண்டால் கணக்கில் அவரை யாரும் வெல்ல முடியாது. அவர் கேட்ட கேள்விக்கும் விடை சொல்லுங்கள். “போக முடியும் பாட்டி. மாதம் 1,500 ரூபாய்க்குச் சமைத்த ஒரு அம்மா போய் வந்திருக்கிறார்” என்று சொல்லுங்கள்.

சேர்ந்து பேசுங்கள்

1. பாதுகாப்பான படி என்றால் என்ன? நம் வீட்டுச் செலவில் அப்படி ஒரு படி இருக்கிறதா?
2. 6,40,000 ரூபாய் வென்றால் 30 சதவீத வரி எவ்வளவு?
3. 12,50,000 கையில் இருக்கிறது. இரண்டு விடைகள் மிச்சம். நீங்கள் தொடர்வீர்களா, நிறுத்துவீர்களா? ஏன்?
4. “லாட்டரி விழுந்திருக்கிறது” என்று போன் வந்தால் என்ன செய்வீர்கள்?

(இரண்டாம் கேள்விக்கு விடை: 1,92,000 ரூபாய்.)